பட்டினி டயட்டிலிருந்து வீட்டுச் சாப்பாட்டுக்கு: குடும்பத்தினர் அடிக்கடி கேட்கும் கேள்விகள்

வீட்டில் ஒருவர் திடீரென்று சோற்றை ஒதுக்கிவிட்டு, காலையில் எலுமிச்சைத் தண்ணீரும் மதியம் வெள்ளரித் துண்டுகளும் இரவில் வெறும் வயிறுமாக நாளைக் கழிக்கத் தொடங்கும்போது, சுற்றியிருப்பவர்கள் இரண்டு கட்சியாகப் பிரிந்துவிடுகிறார்கள். ஒரு கட்சி தட்டைக் கையில் ஏந்திக்கொண்டு அவர் பின்னாலேயே அலைகிறது. இன்னொரு கட்சி "பரவாயில்லையே, நல்லா இளைச்சிட்டியே" என்று மெச்சுகிறது. இரண்டுமே அவரை அதே வழியில் இன்னும் சற்றுத் தூரம் தள்ளிவிடுகின்றன. என் தங்கை தன் கல்யாணத்துக்கு முன்பு இப்படி ஆரம்பித்து, கல்யாணம் முடிந்து ஓராண்டு வரை அதிலிருந்து வெளியே வர முடியாமல் இருந்தபோது நானும் முதலில் ஒரு கட்சியிலும் பிறகு மற்றக் கட்சியிலும் இருந்தவள்தான். நான் மருத்துவர் அல்லேன். அந்த ஓராண்டில் ஓர் உணவியல் நிபுணரிடம் கேட்டும், படித்தும், தவறு செய்தும் தெரிந்துகொண்டதை, அதன்பின் பலரும் என்னிடம் கேட்ட கேள்விகளின் வரிசையில் இங்கே எழுதுகிறேன். முதலில் சாப்பிடும் வேளையைச் சரிசெய்ய வேண்டும், அதன்பின் தட்டில் இருப்பதை, எடையைப் பற்றிய பேச்சு எல்லாவற்றுக்கும் கடைசியில் என்பதே இதில் நான் சொல்லவிருப்பது. பெரும்பாலான குடும்பங்கள் இந்த வரிசையைத் தலைகீழாகப் பிடிக்கின்றன.

பட்டினி டயட் என்று எதைச் சொல்கிறீர்கள்? ஏகாதசி, சஷ்டி விரதங்களும் அதில் சேருமா?

சேராது. விரதத்துக்குத் தொடக்கமும் முடிவும் உண்டு. ஏகாதசியன்று பட்டினி கிடந்தவர் துவாதசிப் பாரணையில் அகத்திக்கீரையும் நெல்லிக்காயும் வைத்து வயிறாரச் சாப்பிடுகிறார். பட்டினி டயட் என்று நான் சொல்வது, உடலுக்குத் தேவையானதில் பாதியோ அதற்கும் குறைவாகவோ வாரக்கணக்கில் சாப்பிடுவதையும், விரைவில் இளைப்பதற்காக ஓர் உணவு வகையையே முழுவதுமாக விலக்குவதையும்தான். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகம் 2020-இல் வெளியிட்ட கணக்கின்படி, 55 கிலோ எடையுள்ள, அதிக உடலுழைப்பு இல்லாத ஒரு பெண்ணுக்கு நாளொன்றுக்கு 1,660 கலோரியும், 65 கிலோ எடையுள்ள ஆணுக்கு 2,110 கலோரியும் தேவைப்படுகின்றன. வாட்ஸ்அப்பில் சுற்றும் ஏழு நாள் ஜூஸ் அட்டவணைகளில் பல 800 கலோரியைக்கூடத் தொடுவதில்லை. அந்த அளவுக்கு உணவைக் குறைப்பது மருத்துவத்தில் உண்டு என்றாலும், அது ரத்தப் பரிசோதனைகளோடும் மருத்துவரின் நேரடிக் கண்காணிப்போடும் செய்யப்படுவது.

ஒரே வாரத்தில் மூன்று கிலோ குறைந்தது என்று எடை இயந்திரமே காட்டுகிறது. அதைப் பொய் என்று எப்படிச் சொல்வது?

பொய் என்று சொல்ல வேண்டாம். குறைந்தது உண்மைதான், ஆனால் அத்தனையும் கொழுப்பு அல்ல. நம் ஈரலிலும் தசைகளிலும் கிளைகோஜன் என்ற பெயரில் மாவுச்சத்து சேமிப்பாக இருக்கிறது. அதன் அளவு ஏறத்தாழ அரைக் கிலோ. அதன் ஒவ்வொரு கிராமோடும் மூன்று கிராம் அளவுக்குத் தண்ணீர் பிணைந்திருக்கிறது. சோறும் இட்லியும் நின்றவுடன் உடல் முதலில் இந்தச் சேமிப்பை எடுத்துச் செலவிடுவதால், அதோடு சேர்ந்த தண்ணீரும் வெளியேறிவிடுகிறது; குடலில் எப்போதும் இருக்கும் உணவின் கனமும் குறைகிறது.

நம்பாதவர்களுக்கு ஒரு கணக்குப் போட்டுக் காட்டலாம். உடற்கொழுப்பில் ஒரு கிலோ கரைய ஏறத்தாழ 7,700 கலோரி செலவாக வேண்டும். 1,660 கலோரி தேவைப்படும் ஒரு பெண் நாள் முழுவதும் பச்சைத் தண்ணீர் மட்டுமே குடித்தாலும் அன்றைக்குக் கால் கிலோ கொழுப்புகூடக் கரையாது. ஏழு நாள் அப்படியே கிடந்தாலும் ஒன்றரைக் கிலோதான். மீதி ஒன்றரைக் கிலோ தண்ணீர், கொஞ்சம் தசை. இரண்டு வேளை சோறு சாப்பிட்டவுடன் அந்தத் தண்ணீர் திரும்பி வரும்போது "பார், சோறுதான் குண்டாக்குகிறது" என்று அவர் முடிவுகட்டிவிடுவார் என்பதால், இந்தக் கணக்கை முன்கூட்டியே சொல்லிவைப்பது நல்லது.

பட்டினி கிடந்து இளைத்தவர்களுக்கு எடை மறுபடி ஏறுவது ஏன்? மனவுறுதி போதாததுதானே காரணம்?

இந்தக் கேள்விக்குப் பதில் தேட, இரண்டாம் உலகப் போர்க் காலத்து அமெரிக்காவுக்குப் போக வேண்டும். 1944-ஆம் ஆண்டு இறுதியில் மினசோட்டா பல்கலைக்கழகத்தில் ஆன்செல் கீஸ் என்ற உடலியல் அறிஞர் 36 இளைஞர்களை வைத்து ஓர் ஆய்வு தொடங்கினார். மனச்சாட்சியின் காரணமாகப் போரில் ஆயுதம் ஏந்த மறுத்து, அதற்கு ஈடாகத் தாமாக முன்வந்தவர்கள் அவர்கள். அதாவது மனவுறுதிக்குக் குறைவில்லாதவர்கள். 24 வாரங்களுக்கு நாளொன்றுக்குச் சுமார் 1,570 கலோரி மட்டுமே கொடுக்கப்பட்டது. வாரந்தோறும் 35 கிலோமீட்டர் அளவுக்கு நடக்கவும் வைத்தார்கள். உடல் எடையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்கு குறைந்தது. ஆனால் அவர்களுக்கு எந்நேரமும் குளிர் எடுத்தது, இதயத்துடிப்பு மந்தமாயிற்று, யாரோடும் பேசப் பிடிக்கவில்லை, சாப்பாட்டைத் தவிர வேறு நினைப்பே வரவில்லை. சமையற்குறிப்புப் புத்தகங்களைச் சேர்த்து வைத்துப் படித்தவர்களும், தட்டை நக்கித் துடைத்தவர்களும் அவர்களில் இருந்தார்கள். கட்டுப்பாடு நீங்கிய பின்பும், எவ்வளவு சாப்பிட்டாலும் போதவில்லை என்று பல வாரங்கள் சொல்லிக்கொண்டிருந்தார்கள்.

இரவெல்லாம் யூட்யூபில் பிரியாணிக் காணொளிகளை ஓடவிட்டுக்கொண்டு வெறும் வயிற்றோடு படுத்திருந்த என் தங்கையை "உனக்கு நாக்குக் கட்டுப்பாடே இல்லை" என்று நான் ஏசியிருக்கிறேன். பசித்த உடல் தன் வேலையைச் செய்துகொண்டிருந்தது என்பது எனக்கு அப்போது தெரியாது.

இதற்கு இன்னொரு பக்கமும் உண்டு. அமெரிக்கத் தொலைக்காட்சியில் எடைக்குறைப்புப் போட்டியில் கலந்துகொண்ட 14 பேரை ஆறு ஆண்டுகள் கழித்துச் சோதித்து 2016-இல் வெளியிட்ட ஆய்வில், பெரும்பாலோர் இழந்த எடையில் கணிசமான பகுதியைத் திரும்பப் பெற்றிருந்தார்கள். ஆனால் சும்மா இருக்கும்போது உடல் செலவிடும் ஆற்றல் மட்டும், அவர்கள் உடலளவுக்கு இருக்க வேண்டியதைவிட நாளொன்றுக்குச் சராசரியாக 500 கலோரி குறைவாகவே இருந்தது. வருமானம் குறைந்த வீடு விளக்கை அணைத்துச் சிக்கனம் பிடிப்பதைப் போல உடலும் பிடிக்கிறது, அதை எளிதில் விடுவதுமில்லை.

இதை அவரிடம் எப்படிப் பேசத் தொடங்குவது? வாயைத் திறந்தாலே சண்டையாகிறது.

சாப்பாட்டு நேரத்தில் பேசாதீர்கள். தட்டு முன்னால் இருக்கும்போது சொல்லும் எந்த வார்த்தையும் அவருக்கு வற்புறுத்தலாகவே கேட்கும். துணி மடிக்கும்போதோ, வண்டியில் போகும்போதோ, மாடியில் உலாவும்போதோ, முகத்துக்கு முகம் பார்த்து உட்காராத ஒரு நேரத்தைத் தேர்ந்துகொள்ளுங்கள். எடையைப் பற்றியும் தோற்றத்தைப் பற்றியும் ஒன்றும் சொல்லாமல், நீங்கள் கண்ணால் கண்டதை மட்டும் சொல்லுங்கள். "எலும்பும் தோலுமா ஆயிட்ட" என்பது அவர் காதில் பாராட்டாகக்கூட விழலாம். "நேத்து படி ஏறும்போது ரெண்டு தடவை நின்னியே, தலை சுத்துச்சா?" என்று கேட்டால் பதில் வரும்.

யார் யாரிடம் பேசுவது என்பதும் முக்கியம். அம்மா மகளிடம் சொன்னால் அது அறிவுரையாகிவிடும். அக்காவோ, அவள் மதிக்கும் சித்தியோ கேட்டால் உரையாடலாகும். மாமனார் திடீரென்று, சோற்றை அறவே நிறுத்தும் கீட்டோ டயட்டில் இறங்கியிருந்தால், மருமகள் நேரடியாகச் சொல்வதைவிட, "மாமா, அடுத்த வாரம் உங்க செக்கப்புக்கு நானும் கூட வரட்டுமா? டாக்டர்கிட்ட இந்த டயட்டைப் பத்தியும் ஒரு வார்த்தை கேட்டுக்கலாம்" என்று கேட்பது அவருடைய மரியாதைக்கும் பழுதில்லாமல் காரியத்தையும் முடிக்கும். அப்பாக்கள் பிள்ளைகள் சொல்வதைக் கேட்பதில்லை. தம் வயதுள்ள நண்பர் சொன்னால் கேட்கிறார்கள். அந்த நண்பரைத் தேடிப்பிடிப்பதும் உங்கள் வேலைதான்.

முதல் பேச்சிலேயே அவர் மனம் மாற வேண்டும் என்று எதிர்பார்க்க வேண்டாம். அவர் எடையைக் குறைக்க நினைத்ததற்குப் பின்னால் நியாயமான காரணம் ஒன்று இருக்கலாம். 2019–21-இல் எடுக்கப்பட்ட தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில், தமிழ்நாட்டில் 15 முதல் 49 வயது வரையுள்ள பெண்களில் 40.4 சதவீதம் பேர் அதிக எடையோ உடற்பருமனோ உள்ளவர்களாக இருந்தார்கள். "நீ இளைக்கவே வேண்டாம்" என்று அடித்துப் பேசாமல், அவருடைய காரணத்தை முழுவதும் கேட்டுக்கொண்ட பிறகு வழியைப் பற்றி மட்டும் பேசுங்கள்.

ஒப்புக்கொண்டுவிட்டார். முதலில் எதை மாற்றுவது?

நேரத்தை. முதல் இரண்டு வாரங்களுக்கு என்ன சாப்பிடுகிறார் என்பதில் அதிகம் தலையிடாமல், எப்போது சாப்பிடுகிறார் என்பதை மட்டும் நிலைநிறுத்துங்கள். காலை, மதியம், இரவு என மூன்று வேளையும், மாலையில் ஒரு சிறு தீனியும், கூடியவரை ஒரே நேரத்தில் வரட்டும். நெடுநேரம் பட்டினி கிடந்த உடல், அடுத்த வேளை எப்போது வரும் என்று தெரியாததால்தான் கிடைத்தபோது அள்ளித் திணிக்கிறது. வேளை தவறாது என்று அதற்குத் தெரிய வந்த பிறகே பசியும் போதும் என்ற உணர்வும் மெல்லத் திரும்புகின்றன.

அவர் பிடித்துக்கொண்டிருக்கும் உணவைப் பிடுங்க வேண்டாம். அதன் பக்கத்தில் ஒன்றைச் சேர்க்கலாம். மதியம் வெள்ளரிதான் சாப்பிடுவேன் என்றால் வெள்ளரி இருக்கட்டும். அதைக் கெட்டித் தயிரில் போட்டுப் பச்சடியாக்கி, பக்கத்தில் ஓர் அவித்த முட்டையோ ஒரு கிண்ணம் சுண்டலோ வையுங்கள். எங்கள் வீட்டில் முதலில் உள்ளே வந்தது தயிர்தான். பத்து நாள் கழித்துத் தயிருக்குள் ஒரு கரண்டிச் சோறு வந்தது. அன்றைக்கு அம்மா கண் கலங்கியதைத் தங்கை பார்த்துவிடாமல் இருக்க நான் அவளோடு வேறு ஏதோ பேசிக்கொண்டிருந்தேன். சோற்றைக் கொண்டாடினாலும் அது பாரமாகிவிடும்.

ஒரு விதிவிலக்கு: பத்து நாளோ அதற்கு மேலோ ஏறக்குறைய ஒன்றுமே சாப்பிடாமல் இருந்தவருக்கு, அல்லது ஏற்கெனவே மிக மெலிந்திருப்பவருக்கு, ஒரேயடியாக வயிறு நிறையக் கொடுப்பது ஆபத்து. ரத்தத்தில் பாஸ்பேட், பொட்டாசியம் போன்ற உப்புகள் திடீரென்று இறங்கி இதயத்தைப் பாதிக்கக்கூடும். அப்படிப்பட்டவரை முதலில் மருத்துவரிடம் அழைத்துச் சென்று, அவர் சொல்லும் அளவில் தொடங்குங்கள்.

சமச்சீர் உணவு என்கிறார்கள். நம் சமையலில் ஒரு தட்டு எப்படி இருக்க வேண்டும்?

ஹைதராபாத்தில் உள்ள தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 2024-இல் வெளியிட்ட உணவு வழிகாட்டியில், 2,000 கலோரிக்கான ஒரு நாள் தட்டு இருக்கிறது. சமைப்பதற்கு முந்தைய எடையில் தானியம் 250 கிராம், பருப்பு வகை 85 கிராம், காய்கறியும் கீரையும் சேர்த்து 400 கிராம், பழம் 100 கிராம், பாலோ தயிரோ 300 மில்லி, கொட்டைகளும் விதைகளும் 35 கிராம், எண்ணெய் 27 கிராம் என்பது அதன் கணக்கு. அசைவம் சாப்பிடுகிறவர்கள் பருப்பின் ஒரு பகுதிக்குப் பதிலாக முட்டை, மீன், இறைச்சியைச் சேர்த்துக்கொள்ளலாம்.

இந்தக் கணக்கை நம் வீட்டுத் தட்டோடு ஒப்பிட்டால் எங்கே இடிக்கிறது என்பது உடனே தெரியும். நம்மில் பெரும்பாலோர் தட்டில் சோறு மலையாகவும் பொரியல் ஊறுகாயளவிலும் இருக்கிறது. சாம்பாரில் பருப்பைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகமும் சென்னையின் மெட்ராஸ் நீரிழிவு ஆராய்ச்சி நிறுவனமும் சேர்ந்து நடத்திய நாடு தழுவிய ஆய்வின் 2025-ஆம் ஆண்டு அறிக்கை, இந்தியர்கள் பெறும் கலோரியில் 62 சதவீதம் மாவுச்சத்திலிருந்து வருவதாகச் சொல்கிறது. ஆகவே சோற்றைக் குறைக்க வேண்டும் என்று டயட் இருப்பவர் சொல்வதில் உண்மை இருக்கிறது, அதை ஒப்புக்கொள்ளுங்கள். சோற்றைக் குறைத்த இடத்தை அவர் காலியாக விட்டதுதான் தவறு. அங்கே பருப்பும் காயும் வந்திருக்க வேண்டும்.

நடைமுறையில் இப்படிச் செய்யலாம். தட்டில் பாதி இடத்துக்குக் காய்: ஒரு பொரியலும் ஒரு கூட்டும், அல்லது கீரைக் கடைசலும் பச்சடியும். கால் பங்குக்குச் சோறு. மீதிக் கால் பங்குக்குக் கெட்டியான பருப்பு, சுண்டல், முட்டை, மீன் ஆகியவற்றில் ஏதாவது. சாம்பாருக்கு எப்போதும் போடுவதைப்போல் இரண்டு மடங்கு பருப்பு போடுங்கள். கூட்டு என்ற ஒன்றை நம் பாட்டிமார் பருப்பையும் காயையும் சேர்த்துத்தான் செய்தார்கள், அதை வாரத்தில் நான்கு நாளாவது கொண்டுவாருங்கள். காலையில் நான்கு இட்லியும் சட்னியும் என்பது மூன்று இட்லியும் ஒரு கிண்ணம் கெட்டிச் சாம்பாரும் என்றாகட்டும். அடையும் பெசரட்டும் பருப்பில் செய்வதால் தோசைக்கு மேலானவை. மாலையில் ஒரு கைப்பிடி வேர்க்கடலையோ கொண்டைக்கடலைச் சுண்டலோ இருந்தால் இரவில் பிஸ்கட் டப்பாவைத் திறக்கும் கை தானாக நின்றுவிடும்.

எண்ணெயைப் பற்றி ஒரு சொல். ஒரு மேசைக்கரண்டி எண்ணெயில் ஏறத்தாழ 120 கலோரி இருக்கிறது; அது நல்லெண்ணெயா, தேங்காயெண்ணெயா, ஆலிவ் எண்ணெயா என்பதால் அந்தக் கணக்கு மாறாது. எண்ணெயை அறவே நிறுத்தவும் வேண்டாம். கீரையிலும் கேரட்டிலும் உள்ள வைட்டமின் ஏ உடலில் சேரக் கொஞ்சம் கொழுப்பு வேண்டும். மாதத்துக்கு எத்தனை லிட்டர் வாங்குகிறோம், எத்தனை பேர் சாப்பிடுகிறோம் என்று பார்த்தால் போதும்: நாளைக்கு 27 கிராம் என்பது ஒருவருக்கு மாதம் ஒரு லிட்டருக்கும் குறைவு.

இந்தத் தட்டு வீட்டில் எல்லோருக்கும் ஒன்றாக இருக்க வேண்டும். ஒருவருக்கு மட்டும் தனிச் சமையல் என்றால் அது நோயாளியின் பத்தியமாகிவிடும். மூன்றாம் வாரத்தில் சமைப்பவரும் சலித்துப்போவார், சாப்பிடுபவரும் சலித்துப்போவார்.

அரிசியை விட்டுச் சாமை, வரகு, தினை, அல்லது இரவில் சப்பாத்தி என்று மாற்றினால் இளைப்பாரா?

தானியத்தை மாற்றுவதால் மட்டும் இளைப்பதில்லை. நூறு கிராம் அரிசியிலும் நூறு கிராம் சிறுதானியத்திலும் கோதுமையிலும் கலோரி ஏறக்குறைய ஒன்றுதான். சிறுதானியத்தில் நார்ச்சத்து கூடுதல், வயிறு சீக்கிரம் நிறையும். கேழ்வரகில் நூறு கிராமுக்கு 350 மில்லிகிராம் அளவில் சுண்ணாம்புச்சத்தும் உண்டு. பிடித்திருந்தால் சாப்பிடட்டும். பிடிக்காமல் மருந்தாக விழுங்க வேண்டிய அவசியமில்லை.

எங்கள் வீட்டில் முட்டைகூட நுழையாது. புரதத்துக்கு மாவு டப்பா வாங்கித்தான் ஆக வேண்டுமா?

பெரும்பாலோருக்கு வேண்டியதில்லை. ஆராய்ச்சிக் கழகத்தின் பரிந்துரை உடல் எடையில் கிலோவுக்கு 0.83 கிராம் புரதம். 60 கிலோ எடையுள்ளவருக்கு நாளைக்கு 50 கிராம். துவரம்பருப்பு, பாசிப்பருப்பு, கொண்டைக்கடலை போன்றவற்றில் நூறு கிராமுக்கு ஏறத்தாழ 20 கிராம் புரதம் இருக்கிறது. வேர்க்கடலையில் 25 கிராம் அளவுக்கு உண்டு. 85 கிராம் பருப்பில் 17 கிராமும், 300 மில்லி பாலிலும் தயிரிலும் 10 கிராமும், ஒரு கைப்பிடிக் கடலையில் 7 கிராமும், 250 கிராம் தானியத்தில் 20 கிராமும் என்று கூட்டிப் பாருங்கள், கணக்கு நேராகிவிடும். டப்பாவில் விற்கும் உணவுக்குப் பதிலான பானங்களின் விலைக்கு மாதம் முழுவதும் பருப்பு வாங்கலாம் என்று எங்கள் தெரு மளிகைக் கடைக்காரர் சொல்வார். அவர் பருப்பு விற்பவர் என்பதையும் கணக்கில் கொண்டாலும் அது சரிதான்.

ஒழுங்காகச் சாப்பிட ஆரம்பித்ததும் எடை இரண்டு கிலோ ஏறிவிட்டது. அவர் பயந்து மறுபடி பட்டினி கிடக்கிறார்.

முன்பே சொன்ன தண்ணீர்தான் திரும்பியிருக்கிறது. இரண்டு மூன்று வாரங்களில் அது நிலைகொள்ளும். இந்த இடத்தில்தான் அதிகம் பேர் திரும்பிப் போகிறார்கள் என்பதால், முதல் ஒன்றரை மாதத்துக்கு எடை இயந்திரத்தைப் பரணில் ஏற்றிவிடச் சம்மதம் வாங்குங்கள். ஒளித்து வைக்காதீர்கள், அவர் சம்மதத்தோடு எடுத்து வையுங்கள். அதற்குப் பதிலாக வேறு அடையாளங்களைக் கவனிக்கச் சொல்லலாம்: மதியம் மூன்று மணிக்குத் தலைவலி வருகிறதா, மலச்சிக்கல் தீர்ந்ததா, மாதவிடாய் ஒழுங்காயிற்றா, மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறதா.

முடி மட்டும் ஏமாற்றும். பட்டினியின் அதிர்ச்சியால் ஏற்படும் முடி உதிர்வு இரண்டு மூன்று மாதம் கழித்தே தொடங்குவதால், நன்றாகச் சாப்பிடத் தொடங்கிய பிறகு கொட்டுவதுபோல் தோன்றும். "சாப்பிட்டதால்தான் கொட்டுகிறது" என்ற விபரீத முடிவுக்கும் சிலர் வந்துவிடுவார்கள். அடுத்த சில மாதங்களில் அது திரும்ப வளரும். முன்பு சொன்ன தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்பில் தமிழ்நாட்டுப் பெண்களில் 53.4 சதவீதம் பேருக்கு ரத்தசோகை இருந்தது என்பதால், முடி கொட்டினால் எண்ணெயை மாற்றுவதற்கு முன் ஹீமோகுளோபினைப் பார்த்துவிடுவது நல்லது.

பிறகு எடையைக் குறைக்கத்தான் வேண்டும் என்றால், வாரத்துக்கு அரைக் கிலோ என்ற வேகம் போதும். நம் உடலமைப்பில் கொழுப்பு வயிற்றைச் சுற்றியே சேர்வதால் இடுப்பளவு இன்னும் தெளிவான அடையாளம்: பெண்களுக்கு 80 சென்டிமீட்டர், ஆண்களுக்கு 90 சென்டிமீட்டர் என்பது எல்லை. தையற்காரர் டேப் ஒன்றிருந்தால் மாதம் ஒருமுறை பார்த்துக்கொள்ளலாம்.

பகலில் ஒன்றும் சாப்பிடாதவர், நள்ளிரவில் யாருக்கும் தெரியாமல் டப்பா டப்பாவாகக் காலி செய்கிறார். என்ன செய்வது?

டப்பாவுக்குப் பூட்டுப் போடாதீர்கள், காலையில் கணக்கும் கேட்காதீர்கள். பகல் பட்டினிதான் இரவில் அப்படிச் சாப்பிட வைக்கிறது. பகல் சாப்பாட்டைச் சரிசெய்தால் பலருக்கு இது தானே குறைந்துவிடும். இரவு படுக்கப் போகும் முன் ஒரு தம்ளர் பாலும் இரண்டு வாழைப்பழமும் எல்லோருக்கும் பொதுவாக மேசைமேல் வைத்துப் பாருங்கள். இரண்டு மாதம் வேளை தவறாமல் சாப்பிட்ட பின்பும் இது தொடர்ந்தாலோ, சாப்பிட்டதை விரலை விட்டு வாந்தி எடுத்தாலோ, பேதி மாத்திரை வாங்கிப் போட்டாலோ, அது வீட்டுச் சமையலால் தீரும் விஷயம் அல்ல. உணவுக் கோளாறு என்ற நோய் அது. மனநல மருத்துவர் பார்க்க வேண்டும்.

சர்க்கரை நோய்க்கு மாத்திரை சாப்பிடுபவர் டயட் இருக்கலாமா?

மருத்துவரிடம் சொல்லாமல் ஒரு வேளைகூடத் தவிர்க்கக் கூடாது. இன்சுலின் போடுபவர்களும், கிளிமிபிரைடு, கிளிக்ளசைடு போன்ற மாத்திரை சாப்பிடுபவர்களும் சாப்பாட்டைக் குறைத்தால் ரத்தச் சர்க்கரை ஆபத்தான அளவுக்கு இறங்கிவிடும். கைநடுக்கம், வியர்வை, படபடப்பு, குழப்பமான பேச்சு ஆகியவை அதன் அடையாளங்கள். அவர் விழுங்கும் நிலையில் இருந்தால் உடனே மூன்று தேக்கரண்டிச் சர்க்கரையைத் தண்ணீரில் கரைத்துக் கொடுத்துக் கால் மணி நேரத்தில் மறுபடி சோதிக்க வேண்டும். மயங்கிக் கிடப்பவர் வாயில் எதையும் ஊற்றாமல் 108-ஐ அழையுங்கள். டாபாகிளிஃப்ளோசின் போன்ற மாத்திரைகளோடு சோற்றை அறவே நிறுத்தும் கீட்டோ வகை உணவு சேர்ந்தால், சர்க்கரை அளவு அதிகம் ஏறாமலேயே ரத்தத்தில் அமிலம் கூடிவிடும் அபாயம் உண்டு. ரத்த அழுத்த மாத்திரை சாப்பிடுபவர் எடை குறையும்போது அதே அளவைத் தொடர்ந்தால் எழுந்து நிற்கும்போது தலை சுற்றி விழலாம். இந்த மூன்று வகையினரும் டயட்டுக்கு முன் மாத்திரைச் சீட்டோடு மருத்துவரைப் பார்த்தாக வேண்டும்.

பத்தாம் வகுப்புப் படிக்கும் மகள் காலைச் சாப்பாட்டை விட்டுவிட்டாள். எடை குறைத்தால் நல்லதுதானே?

வளரும் வயதில் எடையைக் குறைப்பது என்ற இலக்கே தவறு. எலும்பு உறுதிப்படுவதும் மாதவிடாய் ஒழுங்காவதும் அந்த வயதில் நடக்கின்றன. அவளிடம் எடையைப் பற்றிப் பேசாமல் இருப்பதோடு, அவள் காதுபட நீங்கள் உங்கள் எடையைப் பற்றிப் புலம்புவதையும் நிறுத்துங்கள்; பெண் குழந்தைகள் டயட்டை முதலில் கற்றுக்கொள்வது பல வீடுகளில் அம்மாவிடம்தான். சேர்ந்து சாப்பிடும் ஒரு வேளையாவது வீட்டில் இருக்கட்டும், அங்கே மதிப்பெண்ணும் வேண்டாம்.

மருத்துவரிடம் கட்டாயம் போக வேண்டிய நிலை எது?

மயக்கம் போட்டு விழுதல், நெஞ்சு படபடப்பு, மூன்று மாதம் தொடர்ந்து மாதவிடாய் நின்றுபோதல், வலது விலாவுக்குக் கீழே சாப்பிட்டபின் கடுமையான வலி, கால் வீக்கம், இளைத்த பிறகும் குண்டாக இருப்பதாகவே நம்புதல், சாக விரும்புவதாகப் பேசுதல். இவற்றில் எதுவானாலும் காத்திருக்க வேண்டாம். வலது விலா வலியைத் தனியே சொல்லக் காரணம், வேகமாக இளைப்பவர்களுக்குப் பித்தப்பையில் கல் உருவாகும் வாய்ப்பு அதிகம். மனம் சம்பந்தப்பட்டதற்கு அரசின் டெலி மானஸ் சேவையை 14416 என்ற எண்ணில் எந்நேரமும் அழைத்துத் தமிழிலேயே பேசலாம்.

கல்யாணத்துக்கு இரண்டு மாதம்தான் இருக்கிறது. இப்போது மட்டும் விட்டுவிடலாமா?

இரண்டு மாதத்தில் வாரம் அரைக் கிலோ வீதம் நான்கு கிலோ குறையும், முகமும் வாடாது. பட்டினியில் எட்டுக் கிலோ குறைத்தால், முடி கொட்டத் தொடங்கும் நேரமும் முகூர்த்த நேரமும் ஒன்றாக வந்து சேரும். ரவிக்கையைக் கடைசி வாரத்தில் தைக்கக் கொடுங்கள், இப்போதே கொடுக்காதீர்கள். "ரவிக்கைக்குள் நுழைய வேண்டும்" என்பதே பல பெண்களின் பட்டினிக்குக் காரணம், என் தங்கைக்கும் அதுதான்.

உறவினர்களின் வாயை எப்படி அடைப்பது?

அடைக்க முடியாது; ஆனால் முந்திக்கொள்ளலாம். விசேஷத்துக்குப் போகும் முன்பே பெரியம்மாவிடமோ அத்தையிடமோ தனியாகப் போன் செய்து, "உடம்பைப் பத்தி மட்டும் அவகிட்ட எதுவும் கேக்காதீங்க அத்தை, இளைச்சிட்டன்னுகூடச் சொல்ல வேண்டாம், டாக்டர் சொல்லியிருக்கார்" என்று சொல்லிவிடுங்கள். மருத்துவர் பெயரைச் சொன்னால் நம் உறவில் பாதிப் பேர் அடங்கிவிடுவார்கள். மீதிப் பேர் கேட்கும்போது பேச்சை மாற்ற ஒருவர் பக்கத்தில் இருக்க வேண்டும்.

எவ்வளவு சொன்னாலும் அவர் கேட்கவே இல்லை. நாங்கள் என்னதான் செய்வது?

அபாய அடையாளங்கள் எதுவும் இல்லையென்றால், அவரை விட்டுவிட்டுச் சமையலை மட்டும் மாற்றுங்கள். கூட்டும் கீரையும் சுண்டலும் உள்ள சாப்பாடு தினமும் அதே நேரத்தில் மேசைக்கு வரட்டும். அவருக்கும் ஒரு தட்டு வையுங்கள், சாப்பிடச் சொல்ல வேண்டாம், எடுக்கவும் வேண்டாம். எங்கள் வீட்டில் அந்தத் தட்டு 19 நாள் தொடப்படாமல் இருந்தது. இருபதாம் நாள் அவள் உட்கார்ந்து, கீரை போதவில்லை என்று குறை சொன்னாள்.